ஒரே 5 பவுன், மூன்று இடம்: நகைக்கடன் வாங்கிய என் அனுபவம்

2023-லிருந்து இந்த வருஷம் பிப்ரவரி வரை அதே 5 பவுன் நகையை மூன்று இடத்தில் அடகு வைத்து மீட்டிருக்கிறேன். கல் வைத்த நெக்லஸ் ஒன்று, வளையல் இரண்டு, ஒரு சங்கிலி. முதலில் கடைவீதி அடகுக்கடை, அப்புறம் ஒரு தனியார் தங்கக்கடன் நிறுவனம், கடைசியாக ஒரு வங்கி. யார் பெயரையும் எழுதப் போவதில்லை. எல்லா ஊரிலும் இந்த மூன்று கதவும் இருக்கிறது, உள்ளே நடப்பதும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். எனக்கு மணப்பாறை பக்கம், சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். மூன்று முறையும் மகளின் நர்சிங் படிப்புக்காகத்தான் நகை போனது. நான் விவரம் தெரியாமல் கட்டிய பணம் இன்னொருவர் கையிலிருந்தும் போகக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அடகுக்கடை. வேகம் என்றால் அதுதான். பத்து நிமிஷத்தில் பணம் கைக்கு வந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை காலையிலும் கடை திறந்திருக்கும், கணக்குப் புத்தகம் எதுவும் கேட்க மாட்டார்கள். கடைக்காரர் என் மாமியார் காலத்திலிருந்து பழக்கம், "என்னம்மா, பொண்ணு நல்லா படிக்குதா" என்று கேட்டுக்கொண்டே உரைகல்லில் உரசிப் பார்த்தார். 1 லட்சம் கேட்டேன். ரெண்டு வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். ரசீதில் 1,00,000 என்று எழுதி, முதல் மாத வட்டி 2,000-ஐப் பிடித்துக்கொண்டு 98,000 கொடுத்தார். இது எங்கள் ஊரில் காலம்காலமாக இருக்கும் வழக்கம், யாரும் கேள்வி கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், கைக்கு வராத 2,000-க்கும் சேர்த்து ஆறு மாதம் வட்டி கட்டினேன். ரசீதில் "நெக்லஸ் 1, வளையல் 2, சங்கிலி 1" என்று மட்டும் இருந்தது. எடை இல்லை, கல் எவ்வளவு கழித்தார் என்று இல்லை. நகை பத்திரமாகத் திரும்பி வந்தது, அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் அவர் நல்லவராக இருந்ததால் மட்டும்தான் அது திரும்பி வந்தது. கடையில் திருட்டு போயிருந்தால் என் நெக்லஸ் எத்தனை கிராம் என்று சொல்ல என்னிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

இன்னொன்று. அடகுக்கடைகள் தமிழ்நாட்டின் 1943-ஆம் ஆண்டு அடகு பிடிப்போர் சட்டத்தின் கீழ் உரிமம் வாங்கி நடப்பவை. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இவர்களைப் பற்றிப் புகார் சொல்ல முடியாது, வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ காவல் நிலையத்துக்கோதான் போக வேண்டும். உரிம எண் ரசீதில் அச்சாகி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அவசரத்துக்கு ஒரு வாரம், பத்து நாள் என்றால் சரி, அதற்கு மேல் வேண்டாம். 5-க்கு 2 நட்சத்திரம் தருகிறேன், அதிலும் ஒன்று அந்த மனிதருக்காக.

இரண்டாவது, தனியார் நிறுவனம். நான் அதிகம் எழுத வேண்டியது இதைப் பற்றித்தான்.

2024 நவம்பர் 28. ஏசி போட்ட கிளை, உட்கார நாற்காலி, தண்ணீர், வாசலில் பெரிய பேனரில் "மாதம் 1 ரூபாய் வட்டி". அடகுக்கடையில் ரெண்டு வட்டி கட்டிய எனக்கு அது பாதியாகத் தெரிந்தது. கல்லூரிக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் சேர்த்து 1,50,000 வாங்கினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த தம்பி, "அக்கா, உங்க நகைக்கு இன்னும் 40,000 வரும், எடுத்துக்குங்க, சும்மாதானே கிடக்கு" என்று மூன்று தடவை சொன்னார். வேண்டாம் என்றேன். அன்றைக்கு நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

ஏழெட்டு இடத்தில் கையெழுத்து. எல்லாம் ஆங்கிலம். ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள், குறி இருந்த இடத்தில் எல்லாம் போட்டேன். நகையை எடுத்துக்கொண்டு உள்ளே போய் எடை போட்டு வந்து, "நிகர எடை 37.9 கிராம்" என்றார்கள். மொத்த எடை 42.3. கல்லுக்கும் அரக்குக்கும் கொக்கிக்கும் என்று 4.4 கிராம் கழித்திருந்தார்கள். எப்படிக் கழித்தார்கள் என்று நான் பார்க்கவில்லை.

என் கணக்கு எளிமையானது. ஒரு வட்டி என்றால் 1,50,000-க்கு மாதம் 1,500. நாலு மாதம் கழித்துச் சீட்டுப் பணம் வரும், 6,000 வட்டியோடு முதலையும் கட்டி மீட்டுவிடலாம். நடுவில் வட்டி கட்டப் போகவில்லை, அடகுக்கடையில் கடைசியில் மொத்தமாகக் கட்டித்தான் பழக்கம்.

மீட்கப் போனது 2025 ஏப்ரல் 4. நாலு மாதமும் ஒரு வாரமும். அவர்கள் கேட்ட வட்டி 15,000, நோட்டீஸ் செலவு என்று ஒரு 590.

எனக்குத் தலை சுற்றியது. விஷயம் இதுதான்: அந்த 1 ரூபாய் வட்டி என்பது உண்மையான வட்டி கிடையாது. உண்மையான வட்டி ரெண்டு. ஒவ்வொரு 30 நாளைக்குள்ளும் வட்டியைக் கட்டிவிட்டால் பாதியைத் தள்ளுபடி செய்வார்கள். ஒரு தவணை தவறினாலும் முதல் நாளிலிருந்து ரெண்டு வட்டிதான். பேனரில் இருந்தது தள்ளுபடி போன பிறகு வரும் தொகை. என்னிடம் இதை யாரும் வாயால் சொல்லவில்லை, ஆனால் நான் கையெழுத்துப் போட்ட தாளில் இருந்தது. என் மகள்தான் அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துச் சொன்னாள்.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கே.எஃப்.எஸ். என்கிறார்கள், கடனின் முக்கிய விவரங்களை மட்டும் ஒன்றிரண்டு பக்கத்தில் அட்டவணையாகப் போட்ட தாள். 2024 அக்டோபர் 1 முதல் புதிதாகத் தனிநபர் யார் கடன் வாங்கினாலும், வங்கியோ நிதி நிறுவனமோ, இதைக் கட்டாயம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும், விளக்கியும் சொல்ல வேண்டும். அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு வரி இருக்கும். வட்டி, பரிசீலனைக் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், அவர்கள் மூலமாகக் கட்டும் காப்பீடு என்று எல்லாவற்றையும் சேர்த்தால் வருஷத்துக்கு நூற்றுக்கு எத்தனை ரூபாய் ஆகிறது என்பதுதான் அந்த எண். நம்மவர்களுக்கு மாத வட்டிக் கணக்கு மனதிலேயே ஓடும். ஒண்ணரை வட்டி, ரெண்டு வட்டி என்று சொன்னால் எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் அம்மாவே விரலை மடக்கித் தொகையைச் சொல்லிவிடுவார். அதே ஆட்கள் ஏ.பி.ஆர். 24.9 என்று பார்த்தால் அது என்னவோ பாரம் நம்பர் என்று தாண்டிப் போய்விடுகிறோம். அதை 12-ஆல் வகுத்தால் நாம் பேசும் வட்டி வந்துவிடும். 24 என்றால் ரெண்டு வட்டி, 18 என்றால் ஒண்ணரை, 9 என்றால் முக்கால் வட்டி. இதை எனக்கு யாராவது 2024 நவம்பரில் சொல்லியிருந்தால் அந்தப் பேனரை நம்பியிருக்க மாட்டேன்.

சரி, ரெண்டு வட்டியை மறுக்க எனக்கு வழியில்லை, தாளில் இருந்தது. ஆனால் மகள் இரண்டு விஷயத்தைப் பிடித்தாள். ஒன்று, நாலு மாதம் ஏழு நாளுக்கு முழுசாக ஐந்து மாத வட்டி வாங்கியிருக்கிறார்கள். ஏழு நாளுக்கு 24 சதவீதத்தில் கணக்குப் போட்டால் 690 ரூபாய்தான், வாங்கியது 3,000. மாத நடுவில் கடனைக் கட்டினாலும் முழு மாதத்துக்கும் வட்டி வாங்கும் பழக்கம் பல நிறுவனங்களில் இருப்பதை ரிசர்வ் வங்கியே ஆய்வில் கண்டுபிடித்து, அது நியாயமில்லை, அதிகமாக வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள் என்று 2024 ஏப்ரல் 29-ல் சுற்றறிக்கை போட்டிருக்கிறது. இரண்டாவது, அந்த 590 ரூபாய் நோட்டீஸ் செலவு கே.எஃப்.எஸ். தாளில் எங்கேயும் இல்லை. அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை, கடன் வாங்கியவர் வெளிப்படையாகச் சம்மதிக்காமல் வாங்க முடியாது.

கிளைக்குப் போய்ச் சொன்னேன். "சிஸ்டம் அப்படித்தான் போடும் அக்கா, எங்க கையில ஒண்ணும் இல்ல" என்றார்கள். எழுதிக் கொடுத்த மனுவுக்கு ரசீதும் தரவில்லை. கே.எஃப்.எஸ். தாளின் பின்பகுதியில் புகார் யாரிடம் சொல்ல வேண்டும் என்று தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் இருந்தது, அதற்கு மகள் ஒரு பக்கக் கடிதம் அனுப்பினாள். கடன் எண், தேதி, வாங்கிய தொகை, வாங்கியிருக்க வேண்டிய தொகை, வித்தியாசம் 2,310, அத்தோடு 590, ஆக மொத்தம் 2,900. கோபமாக ஒரு வார்த்தை இல்லை. சுற்றறிக்கையின் தேதியை மட்டும் போட்டோம்.

நடுவில் 14448-க்கும் போன் செய்தேன். ரிசர்வ் வங்கியின் புகார் உதவி எண் அது. தமிழில் பேசினார்கள், பொறுமையாகக் கேட்டார்கள். முதலில் நிறுவனத்திடம் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும், 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ அப்புறம் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது என்று விளக்கினார்கள். 2021 நவம்பரில் வங்கி, நிதி நிறுவனம், டிஜிட்டல் பணப் பரிமாற்றம் மூன்றுக்கும் தனித்தனியாக இருந்த திட்டங்களை ஒன்றாக்கியதிலிருந்து எந்த ஊர், எந்தக் கிளை என்று பார்க்காமல் ஒரே இணையதளத்தில் போடலாம். கணினி வராதவர்கள் சண்டிகரில் இருக்கும் மையத்துக்குத் தபாலில்கூட அனுப்பலாம். வக்கீல் தேவையில்லை, சொல்லப்போனால் வக்கீல் மூலமாகப் போகவே கூடாது. இதில் எனக்குப் பிடிக்காத ஒரு விஷயம் அந்த 30 நாள் காத்திருப்பு. ஏலத் தேதி பதினைந்து நாளில் என்று நோட்டீஸ் வந்த ஒருத்திக்கு 30 நாள் என்பது எந்த உதவியும் இல்லை. இதற்குத் தனியாக ஒரு அவசர வழி வைக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

எனக்கு அதுவரை போக வேண்டி வரவில்லை. 19-ஆவது நாள் பதில் வந்தது, 2,900-ம் கணக்கில் ஏறியது. அந்தத் தொகை பெரிசில்லை என்று என் நாத்தனார் சொன்னார். எனக்கு அது பத்துப் பன்னிரண்டு பிளவுஸ் தைத்த கூலி. அதே கிளையில் என்னைப்போல் மாத நடுவில் மீட்ட எத்தனை பேர் கட்டிவிட்டுப் பேசாமல் போயிருப்பார்கள் என்பதுதான் இன்றைக்கும் மனசில் நிற்கிறது. 5-க்கு 1.

மூன்றாவது, வங்கி. தனியார் நிறுவனத்தில் மீட்க நாத்தனாரிடம்தான் கைமாற்று வாங்கினேன், அதைத் திருப்பிக் கொடுக்க அடுத்த வாரமே, ஏப்ரல் 9-ஆம் தேதி, வங்கிக்குப் போனேன். மெதுவாக நடக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நகை மதிப்பீட்டாளர் காலை பதினொன்றுக்குத்தான் வந்தார், டோக்கன் போட்டு உட்கார்ந்து, சாப்பாட்டு நேரம் தாண்டி, மூன்று மணிக்குத்தான் பணம் ஏறியது. ஒரு நாள் கூலி போயிற்று. ஆனால் என் கண் முன்னால் எடை போட்டார். ஒவ்வொரு கல்லையும் லென்ஸ் வைத்துப் பார்த்து, நெக்லஸுக்கு எவ்வளவு கழிக்கிறார் என்று நான் கேட்டபோது சொன்னார். நிகர எடை 39.4.

அதே நகை. அங்கே 37.9, இங்கே 39.4. ஒன்றரை கிராம் என்றால் அப்போதைய விலைக்கே 12,000 ரூபாய்க்கு மேல். கடன் குறைவாகக் கிடைப்பது பெரிய நஷ்டமில்லை என்று தோன்றலாம். ஆனால் ஏலம் போனாலோ நகை தொலைந்து போனாலோ அந்தத் தாளில் இருக்கும் எடைதான் உங்கள் நகை. தயவுசெய்து எடை போடும் இடத்தை விட்டு நகராதீர்கள். முடிந்தால் முன்னாடியே, தெரிந்த நகைக்கடையில் எடை போட்டுச் சீட்டு வாங்கி, நகையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு போங்கள்.

இந்த முறை மகளையும் கூட்டிப் போயிருந்தேன். கையெழுத்துப் போடும் முன்னால் கே.எஃப்.எஸ். தாளைக் கேட்டு வாங்கினோம், தமிழில் கேட்டோம், பத்து நிமிஷம் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். கட்டுக்குள் ஒரு விபத்துக் காப்பீட்டு விண்ணப்பமும் இருந்தது. "இது கட்டாயமா சார்?" என்று கேட்டேன். அதிகாரி ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "விருப்பம்தாம்மா" என்று எடுத்துவிட்டார். கேட்காமல் இருந்திருந்தால் கடன் தொகையிலிருந்து பிடித்திருப்பார்கள். காப்பீடு தப்பு என்று சொல்லவில்லை, நகைக்கடனோடு சேர்த்துக் கட்டித் தலையில் வைப்பதுதான் தப்பு.

1,60,000, வருஷத்துக்கு 9.5 சதவீதம். இந்த வருஷம் பிப்ரவரி 9-ல், பத்து மாதம் கழித்து மீட்டபோது வட்டி கிட்டத்தட்ட 13,000. தனியார் இடத்தில் நாலு மாதத்துக்கு நான் கட்டியது 15,000 என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். 5-க்கு 4. அந்த ஒரு நட்சத்திரம் காத்திருப்புக்கும் காப்பீட்டுக்கும் போனது.

வங்கியிலும் ஒரு சிக்கல் உண்டு, 2025-ல் எங்கள் தெருவிலேயே நிறைய பேர் அதில் மாட்டினார்கள். முன்பெல்லாம் வருஷ முடிவில் வட்டியை மட்டும் கட்டி நகையைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். பல வங்கிகள் முதலையும் முழுசாகக் கட்டி மீட்டு, அப்புறம்தான் மறு அடகு என்று சொல்லிவிட்டன. அந்த ஒரு நாளைக்கு ஒரு லட்சம், இரண்டு லட்சம் புரட்ட எங்கே போவது? வங்கி வாசலிலேயே ஒரு நாள் வட்டிக்குப் பணம் கொடுக்க ஆட்கள் நின்றார்கள். அதே வருஷம் ஜூன் 6-ல் ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்கு எல்லாருக்கும் பொதுவாகப் புது விதிகள் கொண்டுவந்தது, 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கியும் நிறுவனமும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். அதன்படி, கடன் வாராக்கடனாக ஆகாமலும், நகை மதிப்பில் இத்தனை சதவீதம் வரைதான் கடன் என்ற வரம்புக்குள்ளும் இருந்தால், சேர்ந்த வட்டியைக் கட்டிவிட்டுப் புதுப்பிக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

அந்த விதிகளில் நமக்கு உடனே பயன்படும் சிலதைச் சொல்கிறேன். எடையும் தரமும் கடன் வாங்குகிறவர் முன்னிலையில்தான் பார்க்க வேண்டும். மொத்த எடை, நிகர எடை, கல்லுக்குக் கழித்தது, ஏற்கெனவே இருக்கும் உடைசல், நகையின் படம் எல்லாம் உள்ள சான்றிதழை உங்களிடம் ஒரு பிரதி தர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் அந்த நிறுவனத்தைச் சேராத ஒரு சாட்சியின் முன்னால் நிபந்தனைகளை விளக்க வேண்டும். முழுசாகக் கட்டிய பின் அதிகபட்சம் 7 வேலை நாளில் நகை கைக்கு வர வேண்டும், அவர்கள் தவறால் தாமதமானால் நாளைக்கு 5,000 ரூபாய் வீதம் ஈடு. ஏலத்துக்கு முன் நோட்டீஸ் தர வேண்டும், அடிப்படை விலை நகையின் அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக்கூடாது (இரண்டு முறை ஏலம் போகாவிட்டால் மட்டும் 85), கடன் போக மிஞ்சிய பணம் உங்களுக்குத் திரும்ப வர வேண்டும். கடைசியாகச் சொன்னது பல பேருக்குத் தெரியவே தெரியாது. ஏலம் போனால் எல்லாம் போச்சு என்று அழுதுவிட்டு இருந்துவிடுகிறார்கள்.

வீட்டுச் செலவுக்கு வாங்கும் கடன் 2.5 லட்சத்துக்குள் என்றால் நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கிடைக்கும் என்று இதே விதியில் இருக்கிறது. அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவர்களிடம் நான் சொல்வது: வருஷ முடிவில் மொத்தமாகக் கட்டும் கடன் என்றால் வட்டியும் சேர்த்துத்தான் அந்த 85. நகை மதிப்பு 2 லட்சம், வட்டி 12 சதவீதம் என்றால் 1,70,000 கைக்கு வராது, 1,51,000-ஐ ஒட்டித்தான் வரும். அதற்குமேல் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காரணத்தைக் கேளுங்கள்.

அரசின் நகைக்கடன் தள்ளுபடி பற்றியும் ஒரு வார்த்தை. 2021 தேர்தலுக்குப் பிறகு கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரை வைத்தவர்களில் தகுதி உள்ளவர்களுக்கு அரசு தள்ளுபடி செய்தது, எங்கள் ஊரிலும் சில பேருக்குக் கிடைத்தது, அவர்கள் கஷ்டம் தீர்ந்தது, நல்ல விஷயம். ஆனால் அதைப் பார்த்துவிட்டுத் தனியார் நிறுவனத்தில் வைத்தவர்கள்கூட "தேர்தல் வரட்டும்" என்று வட்டி கட்டாமல் இருக்கிறார்கள். தனியார் கடன் அந்தத் தள்ளுபடியில் வராது. அங்கே ஒவ்வொரு மாதமும் ரெண்டு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

எங்கள் மகளிர் குழுவில் இப்போது மாதக் கூட்டத்துக்கு அடகுச் சீட்டையும் கே.எஃப்.எஸ். தாளையும் கொண்டுவரச் சொல்கிறோம். மகள் விடுமுறைக்கு வந்தால் அவள் படித்துச் சொல்வாள், இல்லாவிட்டால் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன். போன கூட்டத்தில் வந்த ஆறு தாளில் இரண்டு, அதே "தள்ளுபடி வட்டி". இரண்டு பேரும் மறுநாளே போய் அந்த மாத வட்டியைக் கட்டிவிட்டு வந்தார்கள், முப்பதாவது நாளுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.